ஒருவர் பெயரில் பதினொரு கருவிகள்: பூட்டாத வைஃபை குறித்து ஒரு நிகழ்வு ஆய்வு

2025 மார்ச் மாதம். சம்பா அறுவடை முடிந்து, வைக்கோல் கட்டுகள் சாலையோரம் அடுக்கியிருந்த நேரம். நீடாமங்கலத்துக்குத் தெற்கே ஒரு சிற்றூரிலிருந்து காலை பத்து மணிக்கு எனக்கு ஓர் அழைப்பு வந்தது. பேசியவர் 71 வயதுப் பெரியவர். தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கத்தில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் செயலாளராக இருந்து ஓய்வு பெற்றவர். "தம்பி, போலீஸ் ஸ்டேஷனுக்கு வரச் சொல்கிறார்கள். ஒரு பெண் பிள்ளையின் படத்தை நான் கம்ப்யூட்டரில் தப்பாகப் போட்டேனாம்" என்றார். அதற்கு மேல் அவருக்குக் குரல் வரவில்லை.

நான் மன்னார்குடியில் வழக்குரைஞராக இருக்கிறேன். அன்று தொடங்கிய இந்த விவகாரத்தில் யாருக்கு எதிராகவும் நான் நீதிமன்றம் போகவில்லை. ஆனாலும் என் தொழிலில் இவ்வளவு யோசிக்க வைத்த வழக்குகள் குறைவு. சம்பந்தப்பட்ட இரண்டு குடும்பங்களையும் நேரில் பார்த்து, எழுதலாமா என்று கேட்டு, அவர்கள் சரி என்ற பிறகே எழுதுகிறேன். ஊர்ப்பெயரும் ஆட்பெயரும் இதில் இருக்காது.

நடந்தது

பெரியவரின் மகன் சிங்கப்பூரில் வேலை செய்கிறார். 2023 பொங்கலுக்கு வந்தபோது, பேரனின் முகம் பார்த்துப் பேசுவதற்காக அப்பாவுக்கு ஃபைபர் இணைப்பு போட்டுக்கொடுத்துவிட்டுப் போனார். விண்ணப்பத்தில் இருந்த ஆதாரும் கையெழுத்தும் பெரியவருடையவை. ரூட்டரைப் பின்கட்டில் டிவிக்கு மேலே மாட்டினார்கள். இரண்டு மாதத்தில் பாஸ்வேர்டு மறந்துபோனது. ஒருநாள் டிவி இணைப்பை விட்டுவிட, அவரால் திரும்பச் சேர்க்க முடியவில்லை. கேபிள்காரரிடம் சொன்னார். அவர் அனுப்பிய பையன், "இனிமேல் உங்களுக்குத் தொந்தரவே இருக்காது ஐயா" என்று பாஸ்வேர்டையே எடுத்துவிட்டுப் போனான். பெரியவருக்கு நிம்மதியாகத்தான் இருந்தது. பாஸ்வேர்டு இல்லாவிட்டால் அக்கம்பக்கத்தில் யாருடைய கைபேசியும் அதில் சேர்ந்துகொள்ளும் என்று அந்தப் பையனும் சொல்லவில்லை, வேறு யாரும் சொல்லவில்லை.

பெரியவர் வீட்டுக் கொல்லையும் பின்தெருவிலுள்ள ஒரு வீட்டின் கொல்லையும் ஒரே சுவரில் முட்டுகின்றன. அந்த வீட்டில் ஒரு தாய், 22 வயது மகள், பதினொன்றாம் வகுப்பு படிக்கும் மகன். தாய் நடவு, களையெடுப்பு வேலைகளுக்குப் போகிறவர். பெரியவரின் அரை வேலி (மூன்று ஏக்கருக்குச் சற்று மேல்) நிலத்திலும் நட்டிருக்கிறார். மகள் பட்டம் முடித்துவிட்டு குரூப் 4 தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தாள்.

2024 இல் மேட்டூர் அணை வழக்கமான ஜூன் 12ஆம் தேதி திறக்கப்படவில்லை. அணையில் தண்ணீர் இல்லை. ஜூலை இறுதியில்தான் திறந்தார்கள். போர்வெல் வைத்திருந்தவர்கள் மட்டும் குறுவை நட்டார்கள். நடவுக் கூலியை நம்பியிருந்த அந்தத் தாயின் கை வறண்டது. அதே ஜூலைத் தொடக்கத்தில் தனியார் கைபேசி நிறுவனங்கள் மூன்றும் ரீசார்ஜ் கட்டணத்தை உயர்த்தின. மகள் தன் ரீசார்ஜை நிறுத்தினாள். ஆகஸ்டில் ஒருநாள் கிணற்றடியில் நின்றபோது, பூட்டுப் படம் இல்லாத ஒரு வைஃபை பெயரை அவள் கைபேசி காட்டியது. தொட்டாள், சேர்ந்துகொண்டது. துவைக்கிற கல்லில் உட்கார்ந்தால் இரண்டு கோடு, சுவரையொட்டி நின்றால் மூன்று கோடு. ஏழு மாதம் அந்தக் கல்லில் உட்கார்ந்து பழைய வினாத்தாள்களையும் மாதிரித் தேர்வுகளையும் எழுதிப் பார்த்தாள்.

இடையில் தம்பி கண்டுபிடித்துவிட்டான். அவன் கேட்டபோது எது, எங்கிருந்து வருகிறது என்று அவளே காட்டினாள். தம்பியோடு நண்பர்கள் வந்தார்கள். விடுமுறை நாட்களில் அந்தக் கொல்லைத் திண்ணையில் நான்கைந்து பேர் விளையாட்டும் படமுமாக உட்கார்ந்திருந்தார்கள். ஞாயிறு காலையில் சிங்கப்பூர்ப் பேரன் பேசும்போது முகம் நின்று நின்று வந்தது. பெரியவர் அதைக் கண்ணாடிக் கம்பியின் கோளாறு என்று நினைத்து இரண்டு முறை கேபிள்காரரிடம் புகார் சொன்னார்.

அந்த நண்பர்களில் 19 வயதுப் பையன் ஒருவன், தன்னை மறுத்த ஒரு பெண்ணின் படத்தை வைத்துப் போலிக் கணக்கு தொடங்கி, கேவலமான வார்த்தைகளைப் போட்டான். அந்தப் பெண்ணின் குடும்பம் காவல்துறைக்குப் போனது. கணக்கு எந்த ஐபி முகவரியிலிருந்து (இணைய நிறுவனம் ஓர் இணைப்புக்குக் கொடுக்கும் எண்), எத்தனை மணிக்கு இயங்கியது என்ற விவரம் வந்தது. அந்த நேரத்தில் அந்த முகவரி யாருடைய இணைப்பில் இருந்தது என்று இணைய நிறுவனத்தைக் கேட்டார்கள். பெரியவரின் பெயர் வந்தது.

அவர் மூன்று மணி நேரம் மர பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். நான் போய்ச் சேரும்வரை யாரும் அவரை அடிக்கவில்லை, திட்டவில்லை. ஆனால் அந்தப் பக்கமாகப் போன ஊர்க்காரர்கள் பார்த்தார்கள். 60 வயதைக் கடந்த ஆணைச் சாட்சியாக விசாரிக்க வேண்டுமானால் அவர் வசிக்கும் இடத்துக்குத்தான் போக வேண்டும், வேறெங்கும் வரச்சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது என்று 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கும் பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 179ஆம் பிரிவு சொல்கிறது. அதை எடுத்துச் சொல்லி அவரை அழைத்துக்கொண்டு வந்தேன். சட்டம் அவரை வீட்டுக்குக் கொண்டுவந்தது. அந்தப் பெஞ்சில் உட்கார்ந்திருந்த நேரத்தைத் திருப்பித் தரும் பிரிவு எந்தச் சட்டத்திலும் இல்லை.

மதியம் கேபிள்காரரை வரவழைத்து ரூட்டரில் சேர்ந்திருக்கும் கருவிகளின் பட்டியலைத் திறந்தோம். பதினொன்று இருந்தன. பெரியவருடையவை இரண்டு: ஒரு கைபேசி, ஒரு டிவி. மீதி ஒன்பது யாருடையவை என்று அந்தப் பட்டியலை வைத்துக் கண்டுபிடிப்பது எளிதாக இல்லை. 2019க்குப் பிறகு வந்த ஆண்ட்ராய்டு கைபேசிகளும் 2020க்குப் பிறகான ஐபோன்களும் ஒவ்வொரு வைஃபைக்கும் தங்கள் அடையாள எண்ணை மாற்றிக் காட்டுகின்றன. பயன்படுத்துபவரை யாரும் பின்தொடரக் கூடாது என்பதற்காகச் செய்த நல்ல ஏற்பாடு அது. அன்று எங்களுக்கு அது இருட்டாக இருந்தது.

மாலை ஆறு மணிக்குப் பின்தெரு வீட்டுப் பெண் வந்தாள். அவளுடைய அம்மா இந்த வீட்டுக்குக் கொல்லை வழியாகத்தான் வந்து பழக்கம். மகள் வாசல் வழியாக வந்தாள். யாரும் அவளைச் சந்தேகப்படவில்லை, யாரும் கூப்பிடவில்லை. பெரியவர் ஸ்டேஷனுக்குப் போன செய்தி கேட்டு வந்திருந்தாள்.

"ஐயா, உங்கள் நெட்டை ஏழு மாதமாக நான் எடுத்துக்கொண்டிருந்தேன். தம்பிக்கும் நான்தான் காட்டிக்கொடுத்தேன்."

பெரியவர் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, "கேட்டிருக்கலாமே பாப்பா, கேட்டால் இல்லை என்றா சொல்லியிருப்பேன்?" என்றார்.

"கொடுத்திருப்பீர்கள் ஐயா. அதனால்தான் கேட்கவில்லை."

தெரு சொன்னது

அடுத்த சில நாட்கள் தெருவில் இதே பேச்சு. பெரும்பாலோர் போலிக் கணக்குப் பையனைத்தான் திட்டினார்கள், அது சரி. வைஃபை எடுத்தது தவறா என்று கேட்டபோது பலர் தோளைக் குலுக்கினார்கள். அவருக்கு என்ன குறைந்துபோய்விட்டது? மாதக் கட்டணம் ஒரே தொகைதானே? அலை தானாகச் சுவர் தாண்டி வந்தது, அவள் ஏறிக் குதித்தாளா?

வயதான விவசாயி ஒருவர் சொன்ன ஒப்புமையை நான் மதிக்கிறேன். எங்கள் பக்கம் பல இடங்களில் ஒவ்வொரு வயலுக்கும் தனி வாய்க்கால் கிடையாது. வயலுக்கு வயல் பாய்ச்சல்தான். மேல்வயல் நிரம்பி வரப்பின் வாய்மடை வழியே கீழ்வயலுக்கு இறங்கும். "மேல்வயல்காரன் நிரம்பிய பிறகு கீழே போகிற தண்ணீரை யாராவது திருட்டு என்பார்களா?" என்று கேட்டார். நல்ல கேள்வி. ஆனால் அதே ஊரில் இராத்திரியில் அடுத்தவன் மடையைத் திறந்துவிட்டவனுக்காகப் பஞ்சாயத்து நடந்திருக்கிறது. இரண்டிலும் தண்ணீர் ஒன்றுதான், அது ஓடும் திசையும் ஒன்றுதான். முறை தெரிந்து, பாத்தியதை தெரிந்து இறங்குகிற தண்ணீர் ஒன்று. ஆள் பார்க்காத நேரத்தில் இறக்கிய தண்ணீர் மற்றொன்று.

தானாக வந்தது என்ற வாதத்துக்குக் கொஞ்சம் நின்று பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் தொழில்நுட்பம் தெரிந்தவர்களும் இதைச் சொல்கிறார்கள். ரூட்டர் நொடிக்குப் பத்து முறை தன் பெயரை அறிவித்துக்கொண்டே இருக்கிறது. கைபேசி சேரலாமா என்று கேட்கிறது. பூட்டில்லாத ரூட்டர் வா என்கிறது, உட்கார ஓர் எண்ணும் கொடுக்கிறது. ஆகவே கேட்டாயிற்று, அனுமதியும் கிடைத்தாயிற்று என்பது வாதம். இதில் ஒன்று விட்டுப்போகிறது. அந்தப் பதிலை ரூட்டர் சொன்னது பெரியவர் சொல்லச் சொன்னதால் அல்ல. பாஸ்வேர்டை எடுத்த பையன் அப்படி அமைத்துவிட்டுப் போனதால். தன் வீட்டில் ஒரு கேள்வி கேட்கப்படுகிறது என்பதே தெரியாதவர் எப்படி அதற்குச் சம்மதித்தவர் ஆவார்?

திண்ணையில் வைத்த தண்ணீர்ப் பானையை யாரும் கேட்டுவிட்டுக் குடிப்பதில்லை. அது வழிப்போக்கருக்காகவே வைத்தது என்று பார்த்தாலே தெரிகிறது. இலவசம் என்று பெயர் சூட்டி ஒரு கடைக்காரர் வைஃபையைத் திறந்துவைத்தால் அதுவும் அந்தப் பானைதான். அடுத்த வீட்டுக் கறிவேப்பிலை அப்படி இல்லை. சுவருக்கு இந்தப் பக்கம் கிளை நீண்டிருந்தாலும், "பெரியம்மா, ஒரு கொத்து எடுத்துக்கொள்கிறேன்" என்று குரல் கொடுத்துவிட்டுத்தான் ஒடிக்கிறோம். உள்ளேயிருந்து பதில் வராவிட்டாலும் அந்தக் குரலைக் கொடுக்கிறோம். அந்தப் பெண் ஏழு மாதம் அந்தக் குரலைக் கொடுக்கவில்லை.

என்ன குறைந்தது என்ற கேள்விக்குப் பேரனின் முகம் நின்று நின்று வந்த ஞாயிறுகளே ஒரு பதில். ஆனால் அவள் மட்டும், படிப்புக்கு மட்டும் எடுத்திருந்தால் பெரியவருக்கு அந்த இழப்புகூடத் தெரிந்திருக்காது. அப்போதும் அது தவறாக இருந்திருக்குமா? இருந்திருக்கும் என்பதே என் எண்ணம். காரணத்தை அலைவேகத்திலோ கட்டணத்திலோ தேடினால் கிடைக்காது.

பெயர்

ஸ்டேஷனிலிருந்து திரும்பும்போது பெரியவர் காரில் ஒரே ஒரு வாக்கியம் சொன்னார்: "முப்பது வருஷம் ஜாமீன் கையெழுத்து வாங்கினவன் நான் தம்பி. நான் போடாத கையெழுத்து ஒன்று எங்கேயோ என் பெயரில் இருந்திருக்கிறது."

இந்த நிகழ்வில் நான் கேட்ட மிகச் சரியான விளக்கம் அதுதான். கூட்டுறவுச் சங்கத்தில் கடன் வாங்குகிறவருக்கு ஜாமீன்தாரர் வேண்டும். கடன்காரர் ஓடிப்போனால் ஜாமீன்தாரர் பொறுப்பு. எனவே யாருக்குப் போடுகிறோம், எதற்குப் போடுகிறோம், எவ்வளவுக்குப் போடுகிறோம் என்று மூன்றையும் பார்த்துத்தான் மனிதர்கள் கையெழுத்துப் போடுகிறார்கள். ஒருவருடைய இணைய இணைப்பில் நாம் நுழையும்போது அவர் நமக்கு ஜாமீன்தாரர் ஆகிறார், அவருக்குத் தெரியாமலேயே. வெளியுலகத்துக்கு நாம் என்ன செய்தாலும் அவர் செய்ததாகத்தான் முதலில் தெரியும்.

தண்ணீர் ஒப்புமை உடைகிற இடமும் இதுதான். கீழ்வயலில் விளைந்த நெல்லில் மேல்வயல்காரன் பெயர் எழுதியிருப்பதில்லை. இணையத்தில் அனுப்புகிற ஒவ்வொரு சொல்லும் இணைப்பு வைத்திருப்பவரின் முகவரியைச் சுமந்துகொண்டு போகிறது.

இது கற்பனையான அச்சம் இல்லை என்பதை இந்தியா 2008 இலேயே பார்த்துவிட்டது. அந்த ஆண்டு ஜூலை 26 ஆம் தேதி அகமதாபாத்தில் குண்டுகள் வெடித்தபோது பொறுப்பேற்று வந்த மின்னஞ்சல், நவி மும்பையில் குடியிருந்த ஓர் அமெரிக்கரின் பூட்டாத வைஃபையிலிருந்து போயிருந்தது. செப்டம்பரில் டெல்லி வெடிப்புகளுக்கான மின்னஞ்சல் மும்பை செம்பூரில் ஒரு நிறுவனத்தின் வைஃபையிலிருந்து போனது. இரண்டு இடத்திலும் விசாரணை முதலில் வந்து நின்றது இணைப்பு வைத்திருந்தவர் வாசலில். அடுத்த ஆண்டே மத்தியத் தொலைத்தொடர்புத் துறை, வைஃபையைப் பாதுகாப்பாக வைத்திருப்பது பற்றி இணைய நிறுவனங்களுக்கு அறிவுறுத்தல் அனுப்பியது. பெரிய குற்றங்களோடு எங்கள் ஊர்ப் பையனின் குற்றத்தை ஒப்பிடவில்லை. வழி ஒன்றே என்று காட்டுகிறேன்.

ஆகவே அந்தப் பெண் ஒரு கெட்ட காரியமும் செய்யாமல் படித்தாள் என்பது உண்மையாக இருக்கும்போதே, தான் பெறாத ஒரு ஜாமீனின் மேல் உட்கார்ந்து படித்தாள் என்பதும் உண்மை. தம்பிக்குக் காட்டியபோது அந்த ஜாமீனைக் கைமாற்றினாள். அதைக் கொடுக்க அவளுக்குப் பாத்தியதை இல்லை. தம்பி நண்பனுக்குக் கைமாற்றினான். நான்காவது கையில் அது ஒரு பெண்ணின் மானத்தைக் கெடுக்கும் கருவியாயிற்று. கேட்டிருந்தால் பெரியவர் கொடுத்திருப்பார் என்று தெருவே சொல்கிறது. 2018 நவம்பரில் கஜா புயல் அடித்து மின்சாரம் இல்லாமல் கிடந்த நாட்களில் தன் ஜெனரேட்டரில் தெருவுக்கே கைபேசி சார்ஜ் போடவிட்டவர் அவர். ஆனால் அவளுக்குக் கொடுத்திருப்பார். அந்த நான்காவது கைக்குக் கொடுத்திருக்க மாட்டார். யாருக்கு, எதற்கு, எவ்வளவு என்று பார்க்கும் வாய்ப்பு கேட்கும்போதுதான் பிறக்கிறது.

கேட்பதன் விலை

இவ்வளவு எழுதிவிட்டு, கேட்டிருக்க வேண்டும், அவ்வளவுதான் என்று நான் முடித்திருப்பேன். அவளுடைய பதில் முடிக்க விடவில்லை. கொடுத்திருப்பீர்கள், அதனால்தான் கேட்கவில்லை.

சில நாள் கழித்து என் அலுவலகத்துக்கு அம்மாவோடு வந்தபோது அதை விளக்கினாள். "சார், அவர்கள் வீட்டில் ஒன்று வாங்கினால் அம்மாவால் அப்புறம் இல்லை என்று சொல்ல முடியாது. வேறு இடத்தில் கூலி அதிகம் கொடுத்தாலும் அவர்கள் கூப்பிட்ட அன்றைக்கு அங்கேதான் போக வேண்டும். ஐயா நல்லவர். ஆனால் நல்லவரிடம் பட்ட கடனும் கடன்தானே சார்."

பண்ணையாள் பாதுகாப்புக்கென்று 1952 இல் தனிச் சட்டம் போட வேண்டியிருந்த மண் இது. ஆண்டையிடம் வாங்கிய ஒரு மரக்கால் நெல்லும் ஒரு கல்யாணச் செலவும் தலைமுறைகளைக் கட்டிப்போட்ட கதைகளை அவளுடைய பாட்டி சொல்லக் கேட்டிருப்பாள். கூட்டுறவுச் சங்கத்து மனிதரான பெரியவர் அந்தப் பழைய வகையினர் இல்லை. ஆனால் கேட்பவரின் முதுகில் இருக்கும் பாரத்தைக் கொடுப்பவரின் நல்ல குணம் மட்டுமே இறக்கிவிடாது. எனக்கு என் பக்கத்து வீட்டில் பாஸ்வேர்டு கேட்பது ஒரு நிமிட வேலை. அவளுக்கு அது அம்மாவின் ஓராண்டு உழைப்பின் திசையை மாற்றக்கூடிய வேலை.

இதைக் கேட்ட பிறகும் அவள் எடுத்தது சரி என்று என்னால் சொல்ல முடியவில்லை. கடன்படாமல் இருப்பதற்காக அவள் தேர்ந்த வழி, அவரை அவருக்கே தெரியாமல் ஜாமீன் ஆக்கியது. தன் சுதந்திரத்தைக் காக்க இன்னொருவரின் பெயரைச் செலவழிக்கக் கூடாது. ஆனால் அவளுடைய தவறின் கனம் என் மனதில் பாதிக்கு மேல் குறைந்துவிட்டது. அந்தப் பாதி வேறு இடங்களுக்குப் போகிறது. இணையம் கல்வி உரிமையின் ஒரு பகுதி என்று கேரள உயர் நீதிமன்றம் 2019 இல் ஒரு மாணவியின் வழக்கில் சொன்னது. குரூப் 4 அறிவிப்பு, விண்ணப்பம், நுழைவுச்சீட்டு எல்லாமே இணையத்தில்தான். தமிழ்நாட்டின் 12,525 ஊராட்சிகளுக்கும் கண்ணாடி இழையைக் கொண்டுபோகும் பாரத்நெட் திட்டம் நடக்கிறது. அந்த இழை ஊராட்சி அலுவலகம் வரை வருவது ஒன்று. ஒரு பெண் கூச்சமில்லாமல் உட்கார்ந்து படிக்கும் மேசை வரை வருவது வேறு. அந்த மேசை இருந்திருந்தால் அவள் துவைக்கிற கல்லில் உட்கார்ந்திருக்க மாட்டாள்.

சட்டம் நிற்கும் இடம்

சிங்கப்பூரிலிருந்து மகன் கோபமாகப் பேசினார். போலிக் கணக்குப் பையன் மேல் மட்டுமல்ல, அந்தப் பெண் மேலும் புகார் கொடுக்க வேண்டும் என்றார். "இங்கே இது குற்றம் சார்" என்றார். அவர் சொன்னது உண்மை. அடுத்த வீட்டு வைஃபையில் நுழைந்த 17 வயது மாணவனுக்கு சிங்கப்பூர் நீதிமன்றம் 2007 இல் 18 மாத நன்னடத்தைக் கண்காணிப்பு விதித்தது. அதே ஆண்டு அமெரிக்காவின் மிச்சிகனில், ஒரு காபிக் கடை வாசலில் காரில் உட்கார்ந்து கடையின் வைஃபையில் மின்னஞ்சல் பார்த்தவருக்கு 400 டாலர் அபராதமும் 40 மணி நேர சமூக சேவையும் விதித்தார்கள்.

நம் நாட்டில் தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, 43ஆம் பிரிவு: உரிமையாளரின் அல்லது பொறுப்பாளரின் அனுமதியின்றி ஒரு கணினியையோ வலையமைப்பையோ அணுகினால் இழப்பீடு தர வேண்டும். பூட்டு இருந்ததா என்று அந்தப் பிரிவு கேட்கவில்லை; அனுமதி இருந்ததா என்று கேட்கிறது. அதையே நேர்மையற்ற நோக்கத்தோடு செய்தால் 66ஆம் பிரிவின்படி மூன்று ஆண்டு வரை சிறை, ஐந்து லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். தவறான ஆதாயம் அடையும் அல்லது இன்னொருவருக்குத் தவறான இழப்பு உண்டாக்கும் எண்ணம்தான் இங்கே நேர்மையற்ற நோக்கம். வைராக்கியமுள்ள ஒரு வழக்குரைஞர் அவளை அதற்குள் கொண்டுவர முயலலாம். அந்தப் புகாரை நான் எழுத மாட்டேன் என்று மகனிடம் சொன்னேன். யாரும் கேட்காமல் வாசல் வழியாக வந்து ஒப்புக்கொண்டவளின் அரசு வேலைக் கனவைக் காவல்துறைச் சரிபார்ப்பில் தடுக்கும் ஒரு காகிதத்தை என் கையால் தயாரிக்க எனக்கு மனம் வரவில்லை. அவள் சொன்னதால்தான் தம்பி பேசினான், தம்பி பேசியதால்தான் உண்மையான குற்றவாளி கிடைத்தான்.

பூட்டாதவர் பொறுப்பு

ஜெர்மனியின் உச்ச நீதிமன்றம் 2010 இல், வீட்டு வைஃபையைச் சரியாகப் பூட்டாதவரும் அதில் பிறர் செய்யும் பதிப்புரிமை மீறலுக்கு ஓரளவு பொறுப்பு என்றது. நாடு முழுவதும் பொது வைஃபை வைக்கவே மக்கள் தயங்கினார்கள். 2017 இல் சட்டத்தைத் திருத்த வேண்டியதாயிற்று. அந்த அனுபவத்திலிருந்து நான் எடுத்துக்கொள்வது, வைத்திருப்பவரைத் தண்டித்தால் பகிர்வதே நின்றுபோகும் என்பது.

71 வயதுப் பெரியவரிடம் கவனக்குறைவு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கேபிள்காரர் அனுப்பிய பையனிடம் சொல்வேன், சொன்னேன். பாஸ்வேர்டை ஒரு அட்டையில் பெரிய எழுத்தில் எழுதி ரூட்டருக்குக் கீழே ஒட்டியிருந்தால் போதும். இரண்டு நிமிடம். தன் வேலை சுலபமாக முடிய வேண்டும் என்று, கேட்டவருக்குப் புரியாத ஆபத்தை அவர் தலையில் வைத்துவிட்டுப் போவது சேவை ஆகாது. வீட்டுக்கு வீடு போய் இணைப்பு கொடுக்கிறவர்கள் அனைவருக்கும் இதைச் சொல்ல விரும்புகிறேன்.

ஏற்பாடு

இப்போது பெரியவரின் ரூட்டரில் இரண்டு வைஃபை இருக்கின்றன. ஒன்று அவருக்கு. மற்றொன்று விருந்தினருக்கு, தனிப் பாஸ்வேர்டுடன். அதில் சேர்பவர்களுக்கு அவருடைய டிவியோ மற்றக் கருவிகளோ தெரியாது. வேகத்துக்கும் ஓர் எல்லை வைத்திருக்கிறது. தாய் மாதம் நூறு ரூபாய் கொடுப்பதாகச் சொன்னார். கடன்படாமல் இருக்க அவருக்குத் தெரிந்த நேரான வழி அது. நான் வேண்டாம் என்றேன். வீட்டு இணைப்பைப் பணத்துக்குப் பங்கு போடுவதை ஒப்பந்தம் அனுமதிக்கவில்லை. பணமில்லாமல் அடுத்த வீட்டுக்குக் கொடுப்பதுகூட அந்த ஒப்பந்தத்தின் சொற்களை இறுக்கிப் பிடித்தால் சிக்கல்தான். இதைப் பெரியவரிடம் மறைக்காமல் சொன்னேன். "தெரிந்து கொடுக்கிறேன் தம்பி" என்றார். 2020 டிசம்பரில் ஒப்புதல் பெற்ற பிஎம்-வாணி திட்டத்தில் ஒரு பெட்டிக்கடைக்காரர்கூட உரிமம் இல்லாமல் பொது வைஃபை நடத்தலாம். பயன்படுத்துபவர் தன் கைபேசி எண்ணால் தன் பெயரிலேயே உள்ளே வருகிறார். கடைத்தெருவில் டீக்கடைக்காரரிடம் இதைப் பேசியிருக்கிறேன். யோசிப்பதாகச் சொல்லியிருக்கிறார். அந்த வழி வந்துவிட்டால் யாரும் யாரிடமும் கைகட்டி நிற்க வேண்டியதில்லை.

நடவுக்கு யார் எங்கே போவது என்பதை இந்த ஏற்பாட்டோடு சேர்க்கக் கூடாது என்று பெரியவரே எல்லார் முன்னிலையிலும் சொன்னார். 2025 ஜூன் 12 ஆம் தேதி மேட்டூர் திறந்தது. அந்தக் குறுவைக்குத் தாய் முதல் மூன்று நாள் வேறொருவர் வயலில் நட்டார். அதைப் பெரியவர் எனக்குத் தொலைபேசியில் சொன்னார். ஏன் சொன்னார் என்று எனக்குப் புரிந்தது.

ஜூலை 12 ஆம் தேதி அவள் தேர்வு எழுதினாள்.

பெரியவர் இன்னும் டீக்கடைக்கு முன்போல் தினமும் போவதில்லை. மகனின் கோபம் முழுதாக ஆறவில்லை. சங்கத்துப் பழக்கத்தில் பெரியவர் நாற்பது பக்க நோட்டு ஒன்று போட்டு, கோடு கிழித்து, பெயர், கருவி, எதற்காக, தேதி, கையெழுத்து என்று கட்டம் பிரித்திருக்கிறார். "இது கடன் பதிவேடு இல்லை பாப்பா. என் பெயர் போகிற இடத்தில் உன் பெயரும் இருக்க வேண்டும், அதற்குத்தான்" என்று சொல்லி முதல் வரியில் அவளிடம் கையெழுத்து வாங்கினார். இரண்டாவது வரியில் தம்பியின் பெயரை அவரே எழுதி, கையெழுத்துக் கட்டத்தை விட்டுவைத்திருக்கிறார். அவன் நேரில் வந்து போட வேண்டும் என்பது நிபந்தனை. போன வாரம் நான் பார்த்தபோது அந்தக் கட்டம் காலியாகத்தான் இருந்தது.